ஹெட்ஸ்ட்ரம் வீட்டுப் பத்து சென்ட் காசைத் தேய்த்தது யார் என்பது குறித்து

பெயர்: ஈலேன் ஹெட்ஸ்ட்ரம். வயது: 46. தந்தை: காலஞ்சென்ற ஆர்வித் ஹெட்ஸ்ட்ரம். தொழில்: பள்ளி நூலகர். முகவரி: எண் 418, எல்ம் தெரு, புவெப்லோ, கொலராடோ.

என் தம்பி டேரில் கொடுத்த புகாரின்பேரில் நாணய வியாபாரி வெண்டல் கூபியாக், வயது 71, விசாரிக்கப்படுவதால், யாரும் அழைக்காமல் நானே நிலையத்துக்கு வந்து இதைச் சொல்கிறேன்.

என் தந்தை மார்ச் 3 அன்று காலமானார். அவர் சேர்த்து வைத்திருந்த ஏழு வெள்ளிக் காசுகள் எனக்கும் தம்பிக்கும் பொதுவாக வந்தன. அவற்றில் அரியது 1916இல் டென்வரில் அச்சான பத்து சென்ட். அது கரி நிறத்தில் கறுத்திருந்தது. அடக்கத்துக்கு மறுநாள் வீட்டுப் பாத்திரங்களையும் திரைச்சீலைகளையும் கழுவினேன். அதன் பிறகு, அப்பாவின் பொருள் எதுவும் அழுக்காக வெளியே போகக் கூடாது என்று தோன்றியதால், காசுகளைச் சோடா உப்பு போட்டுப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தேன். அந்தப் பத்து சென்ட்டோடு ஆறு முடிந்தபோது சோடா உப்பு தீர்ந்தது. ஏழாவதை அப்படியே விட்டேன்.

அதன் பிறகு மார்ச் 12 அன்று ஏழையும் மதிப்பிடுவதற்காகக் கூபியாக்கிடம் கொடுத்தேன். அவர் பத்து சென்ட்டை விளக்கடியில் லென்ஸ் வைத்துத் திருப்பிப் பார்த்து, "ஏம்மா, இதுக்கு யாராச்சும் பல்லு வெளக்கிவிட்டாங்களா?" என்றார். அவர் கேட்ட விதத்திலேயே தவறு செய்துவிட்டேன் என்று புரிந்தது. "இல்லையே, எப்பவும் இப்படித்தான்" என்று பொய் சொன்னேன். அவர் காசுகளை வாங்கி வைத்துக்கொண்டு 15ஆம் தேதி வரச் சொன்னார்.

அதன் பிறகு மார்ச் 15 அன்று தம்பியும் நானும் கடைக்குச் சென்றோம். தேய்த்த காசுக்குச் சேகரிப்பவர்கள் பாதி விலையும் தருவதில்லை என்பதால் கூபியாக் குறைவாகவே மதிப்பிட்டிருந்தார். தம்பி காசைப் பார்த்து, "அப்பாவோடது கரி மாதிரி இருக்கும். இது நேத்துப் பொறந்த மாதிரி இருக்கு. மாத்திட்டீங்களா பெரியவரே?" என்றான். கூபியாக் ஒருமுறை என்னைப் பார்த்தார். பிறகு, "தம்பி, நாப்பது வருஷமா யாரையும் ஏமாத்தல. புதுசா கத்துக்கிற வயசும் இல்ல" என்றார். நான் பேசாமல் நின்றேன்.

தம்பி அந்தக் காசோடு அங்கிருந்து நேராக நிலையத்துக்கு வந்து புகார் கொடுத்தான்; மற்ற ஆறையும் நான் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அன்றிலிருந்து கடை பூட்டிக் கிடக்கிறது.

அதன் பிறகு மறுநாள் நான் கூபியாக்குக்குப் போன் செய்து, தேய்த்தது நான்தான் என்று தெரிந்தும் ஏன் தம்பியிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "அப்பா போயி ரெண்டு வாரம்கூட ஆகல. அக்காவும் தம்பியும் பேசாமப் போயிட்டா அதுக்கு யாரும்மா மதிப்புப் போட்டுத் தருவா? நீங்களா சொல்லுங்க" என்றார்.

பிரஷ்ஷையும், அந்தக் காசு இருந்த உறையையும் ஒப்படைத்திருக்கிறேன். "ஆண்டின் 6க்கு நேர் கீழே விளிம்பில் வெட்டு" என்று அப்பா உறைமேல் பென்சிலால் எழுதியிருக்கிறார். அதிகாரி என் முன்னிலையில் அந்தக் காசை லென்ஸ் வைத்துப் பார்த்தார். வெட்டு இருந்தது.

இன்று காலை தம்பியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.  அவன், "அந்தத் தேய்க்காத ஏழாவது காசு எது, அக்கா?" என்று மட்டும் கேட்டு, அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டான். இப்போது வெளியே காரில் இருக்கிறான்.

தேய்த்தவள் நான்தான் என்பதைக் கூபியாக் ஒரு வார்த்தையில் சொல்லியிருந்தால் அன்றே தப்பியிருப்பார். அவர் சொல்லாததால்தான் அதை நானே சொல்ல முடிந்தது. அதற்கு நன்றியுள்ளவளாக இருக்கிறேன். இந்த வாக்குமூலத்தின் நகல் ஒன்றை, என் பெயரை மறைக்காமல், அவர் தன் கடைக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளக் கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது. மார்ச் 12 அன்று சொன்னதைத் தவிர இதில் பொய் எதுவும் இல்லை.

ஒப்பம்: ஈலேன் ஹெட்ஸ்ட்ரம்