எட்டுப் பேருக்கு ஒரு வயிறு

என் பெயர், தகப்பனார் பெயர், வீட்டு முகவரி மூன்றையும் முதல் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டேன். வயது நாற்பத்து நான்கு. பாலம் கட்டும் கம்பெனி ஒன்றில் பதினோரு வருடமாகச் சமையல்காரனாக இருக்கிறேன். பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டேன், ஆறிய சோறு தொட மாட்டேன் என்பதால் வேலையிடத்தில் என்னை வெந்நீர் என்றுதான் கூப்பிடுவார்கள். இறந்துபோன வெல்டர் என் கூடப்பிறந்த தங்கையின் கணவர். நான் இந்தப் போலீஸ் நிலையத்துக்கு நானாகவே வந்தேன். யாரும் கூப்பிடவில்லை, யாரும் மிரட்டவில்லை.

எங்கள் கம்பெனி வேலை எடுப்பது எல்லாம் வெயிலும் மழையும் மாறி மாறி அடிக்கிற தூர நாடுகளில். போனால் ஒன்றரை வருடம் ஆற்றங்கரையிலேயே கிடப்போம். திரும்பி வந்ததும் வீட்டுக்குப் போகுமுன் கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் ஒவ்வொருவரும் மலம் எடுத்து டப்பாவில் கொடுக்க வேண்டும். புழு, பூச்சி, முட்டை என்று ஏதாவது தெரிந்தால் மூன்று வாரம் கம்பெனி விடுதியிலேயே வைத்து மருந்து கொடுப்பார்கள். அடுத்த வேலைக்குப் போகிற ஆட்கள் பட்டியலில் அவர் பெயர் இருக்காது.

நாலு வருடத்துக்கு முன் எங்கள் கிரேன்காரர் அப்படி மாட்டிக்கொண்டார். அவர் விடுதியில் இருந்தபோதே அவர் மகளுக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது. அதன் பிறகு அவர்தான் இந்த யோசனையைச் சொன்னார். "வெந்நீரு வயித்துல ஒண்ணும் இருக்காதுடா. எல்லார் டப்பாவையும் அவன்கிட்டயே குடுத்துடுவோம்" என்றார். முதலில் சிரித்தோம். அதன் பிறகு செய்தோம். என்னோடு சேர்த்து எட்டுப் பேர், எட்டு டப்பா, நிரப்புவது நான் ஒருவன். அதற்கு முதல் நாள் மட்டும் எனக்கு ராஜ மரியாதை நடக்கும். பழம் உரித்துக் கையில் கொடுப்பார்கள், "மானத்தைக் காப்பாத்திடு வெந்நீரு" என்று கும்பிடுவார்கள். எனக்கும் அதில் ஒரு பெருமை இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது, எழுதிக்கொள்ளுங்கள்.

கடைசியாகப் போன இடத்தில் ஆற்று மீனுக்குக் குறைவில்லை. என் அடுப்பில் வேகாமல் எதுவும் வெளியே போகாது. ஆனால் அங்கே உள்ள கூலியாட்கள் சின்ன மீனைப் பச்சையாகவே நறுக்கி எலுமிச்சம்பழம் பிழிந்து தின்பார்கள். எங்கள் ஆட்களும் பழகிக்கொண்டார்கள். மாப்பிள்ளைக்கு, அதாவது இறந்துபோன வெல்டருக்கு, அது என்றால் உயிர். "பழம் பிழிஞ்சதும் எப்படி வெளுத்துருச்சு பாருங்க மச்சான், வெந்த மாதிரிதான்" என்பார். "அப்ப நான் எதுக்கு, என் அடுப்பு எதுக்கு?" என்று நான் திட்டுவேன். திட்டினேனே தவிர, தட்டைப் பிடுங்கி எறியவில்லை.

அதன் பிறகு வேலை முடிந்து திரும்பினோம். வந்த மறுநாள் காலை விடுதியின் கழிப்பறையில் வழக்கம் போல எட்டு டப்பாவையும் நிரப்பி, மூடியில் பெயர்ச்சீட்டு ஒட்டி, ஒரு பையில் போட்டு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். பரிசோதனைக் கூடத்தில் இருந்தது இப்போது நீங்கள் பிடித்து வைத்திருக்கும் அந்த அம்மாதான். டப்பாக்களை வரிசையாக வைத்துப் பார்த்துவிட்டு, "எல்லாரும் ஒரே பந்தியில உக்காந்து சாப்பிட்டீங்களாண்ணே? ஒரே மாதிரி இருக்கே" என்று கேட்டார். "ஒரே அடுப்பும்மா, நான்தான் சமையல்" என்று சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு நோட்டில் ஏதோ எழுதினார்.

அன்று மத்தியானம் அந்த அம்மா விடுதிக்கு ஆள் அனுப்பினார். மாப்பிள்ளை மட்டும் இன்னொரு டப்பா கொடுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். பச்சை மீன் சாப்பிட்டது உண்டா என்று படிவத்தில் ஒரு கேள்வி இருக்கும். மற்றவர்கள் எல்லாரும் இல்லை என்று எழுதியிருக்க, மாப்பிள்ளை ஒருவர்தான் ஆமாம் என்று எழுதியிருந்தார். காகிதத்தில் பொய் எழுத அவருக்குக் கை வராது.

அதன் பிறகு நடந்ததை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. மாப்பிள்ளை காலி டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். "மச்சான், இந்தத் தடவை என்னோடதையே குடுத்துடட்டுமா? வலது விலாவுல கொஞ்ச நாளா என்னமோ இழுக்குது" என்றார். நான், "சும்மா இருங்க மாப்பிள்ளை. பிள்ளை பிறந்து இன்னும் முகத்தைப் பார்க்கல. மூணு வாரம் இங்க உக்காந்திருக்கப் போறீங்களா?" என்று கேட்டேன். அவர் டப்பாவை என்னிடம் நீட்டினார். பிள்ளைக்காகச் சொன்ன மாதிரி சொன்னேன். உண்மையில் பயந்தது எனக்காக. அவருடையதில் ஏதாவது இருந்து, காலையில் கொடுத்தது சுத்தமாக இருந்தால், குட்டு உடைந்து என் வேலை போயிருக்கும்.

அந்த இரண்டாவது டப்பாவையும் நான்தான் நிரப்பினேன், நான்தான் கொண்டுபோனேன். அந்த அம்மா அதை வைத்துக்கொண்டு மைக்ராஸ்கோப்பில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே நின்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணைக் கசக்கிவிட்டுத் திரும்பவும் குனிந்தார், கண்ணாடித் துண்டை மாற்றி மாற்றி வைத்தார். கடைசியில் ஒன்றும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவர் எழுதியது சரி. அந்த டப்பாவில் ஒன்றும் இல்லை.

அதன் பிறகு மாப்பிள்ளை வீட்டுக்குப் போனார், பிள்ளையைப் பார்த்தார். ஐந்து வாரம் கழித்துக் குளிர் ஜுரம் வந்தது, கண் மஞ்சளானது, வலது பக்கம் கை வைக்க விடவில்லை. தங்கை அவரை இரண்டு டாக்டர்களிடம் கூட்டிக்கொண்டு போனாள். போன இடமெல்லாம் அந்தப் பரிசோதனைச் சீட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துப்போய் முதலில் அதைத்தான் நீட்டினாள். ஒரு டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, "புழு பூச்சி இல்லைன்னு போட்டிருக்கே, குடிப்பழக்கம் உண்டா?" என்று கேட்டார். மாப்பிள்ளை காபிகூடக் குடிக்காதவர். வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

அதன் பிறகு பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்து, ஈரலிலிருந்து பித்தம் இறங்குகிற குழாய் அடைத்திருக்கிறது, கல்லோ கட்டியோ தெரியவில்லை, திறந்துதான் பார்க்க வேண்டும் என்றார்கள். ஆபரேஷனுக்கு முன் பெரிய டாக்டர், "போன இடத்துல பச்சையா எதாவது சாப்பிட்டாரா?" என்று கேட்டார். மாப்பிள்ளைக்கு அப்போது நினைவு சரியாக இல்லை. தங்கை சொன்னாள், "இல்ல டாக்டர், அங்கே எங்கண்ணன்தான் சமையல். எங்கண்ணன் ரொம்ப சுத்தம்." டாக்டர் என்னைப் பார்த்தார். நான், "எல்லாம் வேக வச்சதுதான் சார்" என்றேன்.

ஆபரேஷன் முடிந்து டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டு ஒரு எவர்சில்வர் கிண்ணத்தைக் காட்டினார். தட்டையாக, வெங்காயச் சருகைக் கீறிப் போட்ட மாதிரி நிறையக் கிடந்தன. சில நெளிந்தன. ஆற்று மீனிலிருந்து ஈரலுக்குப் போகிற புழு என்றும், வந்த உடனே தெரிந்திருந்தால் ஒரே நாள் மாத்திரையில் போயிருக்கும், இப்போது விஷம் ரத்தத்தில் கலந்துவிட்டது என்றும் சொன்னார். நாலாவது நாள் காலை மாப்பிள்ளை இறந்துபோனார்.

அதன் பிறகு என் தங்கை, பரிசோதனைக் கூடத்து அம்மா பார்க்காமலே எழுதிக் கொடுத்துவிட்டார் என்று இங்கே புகார் கொடுத்தாள். கூடப் போய்க் கையெழுத்துப் போட இடம் காட்டியவன் நான். அந்த அம்மாவைப் பிடித்துக்கொண்டு வந்த அன்று நிலைய வாசலில் தங்கை, "உன் கண்ணு என்ன அவிஞ்சா போச்சு?" என்று கத்தினாள். அந்த அம்மா என் பக்கம் திரும்பி, "அண்ணே, நீங்கதானே ஜன்னல்கிட்ட நின்னீங்க. நான் பார்த்தேனா இல்லையா, நீங்களே சொல்லுங்க" என்றார். நான் குனிந்து செருப்பைச் சரிசெய்தேன். அவர் உள்ளே போய் இன்றோடு பதினோரு நாள் ஆகிறது. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அடுப்படியில் நிற்கவே பிடிக்கவில்லை.

நேற்று கிரேன்காரரிடம் போய், மற்றவர்களும் உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும், நான் நிலையத்தில் சொல்லப்போகிறேன் என்றேன். "போனவன் போயிட்டான், மிச்சம் ஏழு பேர் பிழைப்பைக் கெடுக்காதே" என்றார். அவர் கண்ணிலும் லேசாக மஞ்சள் தெரிகிறது. அந்த ஆறு பேர் பெயரையும் இரண்டாம் தாளில் எழுதியிருக்கிறேன். தண்டிப்பது அப்புறம் இருக்கட்டும், முதலில் அவர்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.

அந்த அம்மா மேல் ஒரு குற்றமும் இல்லை. அவர் பார்க்க வேண்டியதைப் பார்த்தார், சந்தேகப்பட்டு இரண்டாவது முறையும் கேட்டார். அவர் நோட்டில் எழுதியிருப்பது உண்மை என்பதற்கு நான் சாட்சி. அவரை விட்டுவிடுங்கள்.

மேற்கண்டவை முழுதும் நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்டவை. படித்துக் காட்டக் கேட்டேன், கூட்டவும் குறைக்கவும் ஒன்றுமில்லை. அந்த அம்மாவுக்கு எதிராகச் சாட்சி சொல்ல வந்திருக்கிறேன் என்று நினைத்து என் தங்கை பிள்ளையோடு வெளிப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். காலையில் எனக்குப் பிளாஸ்கில் வெந்நீர் ஊற்றிக் கொடுத்து, "அவளை விட்டுடாதீங்கண்ணே" என்றாள். இதைத் தங்கையிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஐயா தயவுசெய்து அவளை உள்ளே கூப்பிட்டு முதல் வரியிலிருந்து ஒரு தடவை வாசித்துக் காட்டுங்கள். நான் இங்கேயே நிற்கிறேன்.

(கையெழுத்து)