மண்வெட்டிக்கு ஓட்டுப் போடாத மரியசெல்வம்

மேடையில் வீற்றிருக்கும் மாவட்டச் செயலாளர் அண்ணன் ராம்குமார் அவர்களே! பகுதிச் செயலாளர் கனகராஜ் அவர்களே! துக்கம் விசாரிக்க வந்திருக்கும் கூட்டணிக் கட்சி நண்பர்களே! மேடையில் இடமில்லாமல் கீழே உட்கார்ந்திருக்கும், ஆனால் இந்தக் கூட்டத்துக்கே உரிமைக்காரர்களான அண்ணன் மரியசெல்வத்தின் மனைவி அந்தோணியம்மாள் அக்கா, மகள் டயானா, மீனவர் குப்பத்துத் தாய்மார்களே! வணக்கம்.

நான் புஷ்பம். மகளிரணி. தி.நகரில் ஜாக்கெட் துணிக் கடை வைத்திருக்கிறேன். ஊர் திருநெல்வேலிப் பக்கம், அதனால் குரல் உரக்கத்தான் வரும். இன்றைக்கு இன்னும் உரக்க வரும். பொறுக்க முடியாதவர்கள் எழுந்து போகலாம்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் நம் வட்டச் செயலாளர் மரியசெல்வத்தைத் தூண் என்றார்கள், தளபதி என்றார்கள், வைரம் என்றார்கள். நானும் கேட்டுக்கொண்டே இருந்தேன். ஐயா, அவர் உயிரோடு இருந்தபோது இந்தத் தூணை ஒரு நாளாவது மேடையில் உட்கார வைத்தீர்களா? உங்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டவரே அவர்தானே! கூட்டம் முடிந்து அதை அடுக்கி வைத்தவரும் அவர்தானே!

அவர் செய்ததை நான் சொல்ல வேண்டுமா? ஊரே மூழ்கிய மழையில் தன் பைபர் படகை லாரியில் ஏற்றிக் கே.கே. நகருக்குள் கொண்டுபோனார். மொட்டை மாடியில் நின்றவர்களை இறக்கிக் கரை சேர்த்தார். அப்படி இறக்கிவிட்ட ஒரு பெரியவர் கையெடுத்துக் கும்பிட்டு, "நீங்க எந்தக் கட்சிப்பா?" என்று கேட்டார். அண்ணன் சட்டைப்பையில் இருந்த சின்னத்தைக் காட்டினார், மண்வெட்டி. பெரியவர் பாவம், நல்ல மனுஷன். "அப்படி ஒரு சின்னம் இருக்கா? எங்க மெஷின்ல பார்த்ததே இல்லையே" என்றார். படகில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார்.

சிரிக்க வேண்டிய விஷயமா தோழர்களே இது? பெரிய கட்சி உடைந்தது. உடைந்த துண்டுகளில் ஒன்றுதான் நம் இயக்கம். இந்த மாநிலத்தில் கட்சிகள் அப்படித்தான் பிறக்கின்றன, அது குற்றமில்லை. ஆனால் பிறந்த நாளிலிருந்து இந்தத் தொகுதியை எத்தனை பேருக்குத் தூக்கிக் கொடுத்தீர்கள்? சட்டமன்றம் என்றால் குடைக்காரருக்கு. நாடாளுமன்றம் என்றால் தராசுக்காரருக்கு. கூட்டணி மாறினால் கத்தரிக்கோல்காரருக்கு. மாநகராட்சி வார்டைக்கூட விட்டுவைத்தீர்களா? போன தேர்தலில் யாரைத் துரோகி என்று திட்டச் சொன்னீர்களோ, அவருக்கே அடுத்த தேர்தலில் ஓட்டுக் கேட்கச் சொன்னீர்கள். அண்ணன் கேட்டார். வீடு வீடாகப் போய்க் கேட்டார்!

அதோ, மீன் விற்கும் ஆரோக்கியம் அக்கா உட்கார்ந்திருக்கிறார். ஒரு தேர்தலில் வாக்குச்சாவடிக்குள் போனவர், ஓட்டுப் போடாமலே வெளியே வந்து தெருவில் நின்று கத்தினார். "இன்னா நைனா, நம்ம மம்மட்டி எங்க கீது? மேலேந்து கீழ வரிக்கும் பாத்துக்கினு நின்னேன், காணவே காணோம்!" அண்ணன் ஓடி வந்தார். "மம்மட்டி இல்லக்கா. இந்த தபா நாம குடை. உள்ள போயி குடைல குத்து" என்றார். சொல்லிவிட்டுத் தேவாலயச் சுவரோரம் போய் நின்றுகொண்டார். நான் கிட்டே போனேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வெயில் ஜாஸ்திம்மா" என்றார்.

ஒரே ஒரு முறை தனித்து நின்றோம், ஞாபகம் இருக்கிறதா? மைலாப்பூர் முழுக்க அண்ணன் சுவரெழுத்து எழுதினார். நிஜ மண்வெட்டியையே தோளில் போட்டுக்கொண்டு குளத்தைச் சுற்றி ஊர்வலம் போனார். நம் வேட்பாளர் மனு தாக்கல் செய்தார். வாபஸ் வாங்கும் கடைசி நாள் மத்தியானம், யாரிடமும் சொல்லாமல் வாபஸ் வாங்கிவிட்டார்!

யார் அந்த வேட்பாளர்? ஏன் எல்லோரும் என்னைப் பார்க்கிறீர்கள்? மேடையைப் பாருங்கள்! நடு நாற்காலியைப் பாருங்கள்!

தம்பி, மைக்கை அணைக்காதே. அணைத்தாலும் என் குரல் கடற்கரை வரைக்கும் கேட்கும்.

அந்தச் சேதி வந்தபோது அண்ணன் சுவரில் பாதி மண்வெட்டி எழுதியிருந்தார். நான் அழுதேன். "இனிமே எதுக்குண்ணே எழுதுறீங்க? விட்டுட்டு வாங்க" என்றேன். "கலக்கின பெயிண்டு வீணா பூடும்மா" என்று சொல்லி முழுதாக எழுதி முடித்துவிட்டுத்தான் இறங்கினார். வாபஸ் வாங்கியவர் வேறு கட்சிக்குப் போனார். அங்கே ஒன்றும் கிடைக்காமல் திரும்பி வந்தார். வந்தவருக்கு மாவட்டச் செயலாளர் பதவி! சால்வை போர்த்தச் சொல்லி யாரை அழைத்தீர்கள்? மரியசெல்வத்தை! அவரும் போர்த்தினார். அட, வெட்கமாக இல்லையா நமக்கு?

போன வாரம் தொலைக்காட்சியில் செய்தி வந்தது. பேச்சுவார்த்தை நல்லபடியாகப் போகிறதாம், இந்தத் தொகுதி மறுபடியும் குடைக்குத்தானாம். அண்ணன் என் கடைக்கு வந்தார். அவ்வளவு தளர்ந்து நான் அவரைப் பார்த்ததில்லை. "எனக்கு சீட்டு வேணாம் புஷ்பம். யாருக்கு வேணா குடுக்கட்டும், ராம்குமாருக்கே குடுக்கட்டும். சாவறதுக்குள்ள ஒரு தபா மம்மட்டில குத்திட்டு வரணும். அவ்ளோதாம்மா" என்றார். பதவி கேட்கவில்லை, பணம் கேட்கவில்லை. சொந்தச் சின்னத்துக்கு ஒரு ஓட்டு! அதைக்கூடக் கொடுக்க வக்கில்லாமல் அனுப்பிவிட்டோமே!

அண்ணன் செத்தது மாரடைப்பால் என்று டாக்டர் எழுதியிருக்கிறார். எழுதட்டும்.

துண்டுச் சீட்டு வருகிறது, நேரமாகிவிட்டதாம். முடிக்கிறேன் மாவட்டச் செயலாளர் அவர்களே. இரங்கல் கூட்டம் என்றால் கடைசியில் உறுதிமொழி எடுக்க வேண்டும், அதுதானே வழக்கம்? எடுக்கிறேன். அண்ணன் விட்டுச் சென்ற வேலைகளை மகளிரணி செய்யும். குழாயில் தண்ணீர் வராவிட்டால் நாங்கள் போய் நிற்போம். புயலில் கடலுக்குப் போன படகு திரும்பாவிட்டால் நாங்கள் கலெக்டர் ஆபீசில் உட்காருவோம். கொடி ஏற்றுவோம், சுவர் எழுதுவோம். எல்லா வேலையும் செய்வோம், ஒரே ஒரு வேலையைத் தவிர.

அண்ணன் உடம்பில் போர்த்திய கொடி இதோ, மடித்துக் கொண்டுவந்திருக்கிறேன். நாளைக்குப் பேச்சுவார்த்தைக்குப் போகும்போது எடுத்துக்கொண்டு போங்கள். மேசை மேல் வைத்துப் பேசுங்கள். இந்தத் தொகுதியோடு திரும்பி வந்தால் இதே கொடியை அண்ணன் வீட்டு வாசலில் நானே ஏற்றுகிறேன்.

இல்லை, வழக்கம்போலத் தாரை வார்த்துவிட்டுத்தான் வருவீர்கள் என்றால், ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தேர்தல் அன்று ஆரோக்கியம் அக்கா உள்ளே போய் மண்வெட்டியைத் தேடுவார். காணாமல் வெளியே வந்து, எதில் குத்துவது என்று கேட்பார். குடையில் குத்து அக்கா என்று நான் சொல்ல மாட்டேன், டயானா சொல்ல மாட்டாள், இந்தக் குப்பத்தில் ஒருவரும் சொல்ல மாட்டோம். சொல்வதற்கு உங்களுக்கு இருந்தவர் ஒரே ஒருவர். அவரை முந்தாநாள் புதைத்துவிட்டோம்.