இரண்டாம் முறை பார்த்த பூக்காரம்மா

மேடையில் வீற்றிருக்கும் ஆய்வகத் தலைவர் அவர்களே, துயரத்தோடு திரண்டிருக்கும் உறவுகளே, உடன் உழைத்த தோழர்களே, வணக்கம்.

நம் தாவரவியல் அறிஞர், ஊரே 'பூக்காரம்மா' என்றழைத்த நம் அக்கா போய்விட்டார். வாழ்நாளில் ஒரு பூவைக்கூட விற்றதில்லை; பூவைப் பார்த்தே செடியைச் சொல்லிவிடுவார் என்பதால் பூக்காரம்மா!

அந்த மாலையை எப்படி மறப்பேன்? ஒரு லாரி ஓட்டுநரின் மனைவி, ஆற்றோர மணல்மேட்டில் பறித்த கீரையைச் சமைத்துச் சாப்பிட்டு, நினைவு தப்பிக் கிடந்தார். "என்ன செடின்னு தெரிஞ்சாத்தான் மருந்தை முடிவு பண்ண முடியும்," என்றார் மருத்துவர், எங்கள் ஆய்வகத்தைத் தொலைபேசியில் அழைத்து. கணவரை அழைத்துக்கொண்டு அக்காவும் நானும் அந்த மணல்மேட்டுக்கு ஓடினோம்.

"வெள்ளைப் பூ பூக்குமுங்க. எப்பவும் அதைத்தான் பறிப்பா," என்றார் கணவர். அங்கோ எல்லாம் மூடிய மொட்டுகள்!

அக்கா மண்டியிட்டுக் காத்திருந்தார். வெயில் தாழ்ந்ததும் மொட்டுகள் அவிழ்ந்தன. இதய வடிவில் நான்கு வெள்ளை இதழ்கள். நடுவே சிலுவைபோல் நான்காகப் பிரிந்த சூல்முடி. மாலையில் மலரும் ஈவினிங் பிரிம்ரோஸ்! விஷமற்ற செடி. கணவர் நிம்மதியில் அழுதேவிட்டார்.

"போன் பண்ணிடலாம்க்கா," என்றேன்.

"இருப்பா. எனக்குப் பயமா இருக்கு. இதுல ஒண்ணுமில்லன்னா அவ ஏன் அப்படிக் கிடக்கறா?"

மறுபடி குனிந்தார். அந்தச் செடிகளுக்கிடையே, பூக்காத வேறு இளஞ்செடிகள். அவற்றின் காம்புகளிலும் நுனி கிள்ளிய தடம் புதிதாக இருந்தது. இலையைக் கசக்கி முகர்ந்தார். முகம் வெளுத்தது. ஊமத்தை!

"டாக்டர், ரெண்டும் கலந்து கிடக்கு. ஊமத்தைன்னே வச்சு மருந்து குடுங்க!" என்று போனில் கத்தினார்.

அந்தச் சகோதரி பிழைத்தார். இதோ, இரண்டாம் வரிசையில் கணவரோடு அமர்ந்திருக்கிறார்.

திரும்பும் வழியில் கேட்டேன்: "இத்தனை வருஷம் கழிச்சுமா பயம்?"

"பயம் போயிடுச்சுன்னா அன்னைக்கே இந்த வேலைய விட்டுடுவேன்டா!"

அவையோரே, மருத்துவமனை அழைப்பு இனி என் மேசைக்கு வரும். யாருடைய உயிரோ என் ஒரு சொல்லில் தொங்கும். தவறினால்? திரும்பிப் பார்த்தால் அக்கா இல்லையே! ஆயினும் உங்கள்முன் உறுதி சொல்கிறேன்: அழைத்தால் போவோம். மண்டியிட்டுப் பார்ப்போம். கண் சொன்னதை நம்பாமல் மீண்டும் பார்ப்போம்.

முந்தாநாள் முதல் அழைப்பு வந்தது. பயம் போகவில்லை. எடுத்துவிட்டேன், அக்கா.