பூட்டின வீட்டில் காயும் சாரன்

மட்டக்களப்பிலிருந்து கல்லடிக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவருக்கு ஐம்பது இருக்கும். அவர் சொன்ன ஒரு வார்த்தையில்தான் நான் காது கொடுத்தேன்.

"ஆளில்லாத வீட்டில நாளுக்கொரு சாரன் காயப் போடுறன் புள்ள."

"ஏன் அக்கா?" என்றாள் இளையவள்.

"தங்கச்சி சுவிஸுக்குப் போனதிலிருந்து அவள்ட வீடு பூட்டித்தானே கிடக்கு. வெறும் வளவில நுளம்பு பெருகுது, டெங்கு வரும் எண்டு மாநகர சபை கேற்றில நோட்டீஸ் ஒட்டிற்றுப் போச்சு. கூட்டித் துப்புரவாக்கினன். ஆள் இருக்கிற மாதிரித் தெரியட்டும் எண்டு கொடியில சாரனும் போட்டன்."

"யாருட சாரன்?"

"என்ட மனிசன்டதான். அவர் செத்து மூணு வருஷம், அலுமாரியில சும்மாதானே கிடந்த."

"சபைக்காரர் நம்பினாங்களா?"

"அவங்களும் நம்பினாங்க, ஊரும் நம்பிற்று. நான் அங்க ஒரு ஆம்பிளைய வச்சிருக்கனாம்."

இளையவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ. பிறகு சாரனை எடுத்திட்டீங்களா?"

கல்லடிப் பாலம் தாண்டியதும் மூத்தவர் இறங்கப் பையோடு எழும்பினார்.

"ஏன் எடுக்க? நேத்து அவர்ட நீலச் சேர்ட்டையும் தோய்ச்சுப் போட்டன்."