சூடு தெரிகிறதா என்று கேட்டது

என் பெயர் முத்துப்பேச்சி, வயது 34, கணவர் பெயர் சோலைராஜ். இராஜபாளையம் வட்டம் தேவதானத்தில் குடியிருந்து, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் ஒரு மருந்தியல் கல்லூரியில் எலிக்கூண்டு கழுவும் வேலை பார்க்கிறேன். என் கணவரின் கால்கள் வெந்தது குறித்து ஆஸ்பத்திரியிலிருந்து ஸ்டேஷனுக்கு வந்த தகவலின் பேரில் தாங்கள் விசாரித்ததால் சொல்கிறேன்.

சென்ற தை மாதம் அவர் தென்னையிலிருந்து விழுந்து தண்டுவடத்தில் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்ச்சியில்லாமல் கிடக்கிறார். எங்கள் கல்லூரியில் தண்டுவடம் காயப்பட்ட எலிகளுக்கு, நரம்பு சாகாமல் இருக்க மஞ்சளிலிருந்து பிரித்த ஒரு தூளைக் கொடுத்துப் பார்த்தார்கள். காலை இழுத்துக்கொண்டு கிடந்த எலிகள் சில நடந்ததைக் கண்ணால் பார்த்தேன். அதன் பிறகு ஆடி மாதம் முதல் யாருக்கும் தெரியாமல் அந்தத் தூளைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவந்து பாலில் கலந்து கொடுத்தேன். அடிபட்ட சில மணி நேரத்துக்குள் கொடுத்த எலிகள்தான் நடந்தன என்பதை நான் அப்போது விசாரித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

கல்லூரியில் சூடான தட்டில் எலியை விடுவார்கள். காலைத் தூக்கினால் உணர்ச்சி உண்டு என்று நோட்டில் எழுதுவார்கள். அதேபோல் நானும் தினம் மாலை வெந்நீர்த் துணியைப் பாதத்தில் வைத்து, சூடு தெரிகிறதா என்று கேட்பேன். இருபதாம் நாள், "ஏட்டி, லேசாத் தெரியுது" என்றார். அன்று நான் அழுதேன். அதன் பிறகு தினமும் தெரிகிறது என்றார், நானும் ஒரு நோட்டுப் போட்டுத் தினமும் எழுதினேன்.

போன சனிக்கிழமை, "இன்னும் சூடா இருந்தா நல்லாத் தெரியும்" என்றார். அதனால் ஞாயிறு மாலை வெந்நீரைப் பச்சைத் தண்ணீர் விட்டு விளாவாமல் வாளியில் ஊற்றி இரண்டு பாதங்களையும் வைத்தேன். "இதமா இருக்கு, செத்த நேரம் இருக்கட்டும்" என்றார். நான் கைவைத்துப் பார்க்கவில்லை. பார்த்தால் அவரை நம்பாதது போலிருக்கும் என்று நினைத்தேன். அதன் பிறகு துடைத்தபோது தோல் துண்டோடு வந்தது. அவர் அப்போதும் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

வலது பாதத்தை எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஏன் பொய் சொன்னீர்கள் என்று என் கணவரிடம் கேட்டதற்கு, "நீ என் மூஞ்சியவே பாத்துக்கிட்டுல்லா கேட்ட. இல்லன்னு எப்பிடிச் சொல்ல?" என்றார்.

கல்லூரியில் யாரும் எலியின் முகத்தைப் பார்ப்பதில்லை, காலைத்தான் பார்ப்பார்கள். என் கணவர் ஒரு நாளும் காலைத் தூக்கவில்லை. அது எனக்குத் தெரியும்.

மீதித் தூளையும் நான் எழுதிய நோட்டையும் ஒப்படைக்கிறேன். இதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் உண்மை. நோட்டில் எழுதியிருப்பது உண்மையல்ல.

(ஒப்பம்) சோ. முத்துப்பேச்சி