திங்களில் இறங்கி வெள்ளியில் ஏறிய பங்கு

இந்த அவையைக் கட்டிக்காக்கும் தலைவர் அவர்களே! வயதாலும் வாழ்வாலும் மூத்த பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு, அணைத்தோமா என்ற ஐயத்தோடே வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! என்னை இங்கே கொண்டுவந்து நிறுத்திய இறைவனை முதலில் தொழுது, உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

படிப்பில்லாதவள் பங்குச்சந்தையைப் பற்றிப் பேசலாமா? பட்டவள் பேசலாம். பட்டதைப் பக்கம் பக்கமாய்க் கணக்கெழுதி வைத்தவள் பேசலாம்!

என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரையெல்லாம் உயரத்துக்கு ஏற்றுகிறவர் குடியிருந்ததோ லிஃப்ட் இல்லாத நான்காம் மாடியில். சிரியுங்கள், நாங்களும் சிரித்தவர்கள்தாம். ஆனால் முழங்கால் தேய்ந்த என் மாமியார் இரண்டாண்டுகள் தெருவை மிதிக்கவில்லை. ஜன்னலில் அமர்ந்து மேகங்கள் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். தரைத்தளத்தில் ஒரு வீட்டுக்கு முன்பணம் சேர்த்துவந்தோம். அதை விரைவில் பெருக்கத்தான் என் கணவர் பங்குச்சந்தைக்குள் நுழைந்தார்.

நுழைந்தவர் கண்டார் ஓர் அதிசயம்! ஒரு பங்கு திங்களன்று இறங்குகிறது, வெள்ளியன்று ஏறுகிறது. ஏன்? அலையைக் கேட்டால் அலை சொல்லுமா? திங்களில் வாங்கினார், வெள்ளியில் விற்றார். இரு விலைகளையும் தம் வேலைக் குறிப்பேட்டில் எழுதினார். நூற்றுக்கு அரை, வாரம் தவறாமல் லாபம். தரகரிடம் இருப்பு எவ்வளவென்று யார் கேட்டார்கள்? குறிப்பேடுதான் சொல்கிறதே! அந்நாட்களில் எனக்கொரு கனவு வரும். எங்கள் வீடே மெல்ல, மெத்தென, மாடி மாடியாய்க் கீழிறங்கும். கதவு தானாய்த் திறக்கும். மாமியார் செருப்பு மாட்டுவார்.

தரகர் வாராவாரம் அனுப்பிய கணக்குச் சீட்டுகளை என்ன செய்தேன் தெரியுமா? நல்ல தடித்த தாள். சமையலறை அலமாரியில் விரித்தேன்!

ஓராண்டு கழித்து அலமாரி துடைக்கையில் சர்க்கரை டப்பாவைத் தூக்கினேன். வட்டக் கறைக்குள் பொடி எழுத்து: தரகு, வரி, முத்திரைக் கட்டணம். டப்பா டப்பாவாய்த் தூக்கினேன். சீட்டு சீட்டாய்க் கூட்டினேன். வாங்கி விற்க நூற்றுக்கு முக்கால். வந்தது அரை, போனது முக்கால். நாற்பத்தெட்டு வாரத்தில் நூற்றுக்குப் பன்னிரண்டு கரைந்திருந்தது!

சீட்டுகளை அவர் மடியில் வைத்தேன். ஒவ்வொன்றாய்ப் புரட்டிப் பார்த்தார். பிறகு, "அப்போ நான் பாத்தது பொய்யா?" என்றார்.

"பொய்யில்லைங்க, நிஜந்தான். அதை எட்டிப் பிடிக்கிற செலவுதான் அதைவிடப் பெருசு."

ஜன்னலிலிருந்து மாமியார் திரும்பிப் பார்த்தார். "வாராவாரம் ஏறி எறங்கினியே, டிக்கெட் வாங்கினது ஞாபகமில்லையாடா?"

என் கணவரே முதலில் சிரித்தார், கண்ணீரோடு.

அங்கிருந்து ஓர் அம்மா கேட்கிறீர்கள், பிறகு என்ன ஆயிற்று என்று. மிஞ்சியதை ஒரு நீண்டகால நிதியில் போட்டோம். மாதாமாதம் சேர்த்தோம். திங்கள் அழைத்தது, போகவில்லை. வெள்ளி அழைத்தது, போகவில்லை. என் வழிபாட்டிலும் லாபம் கேட்பதை நிறுத்தினேன். சும்மா இருக்கும் வலிமை கேட்டேன். நான்காண்டுகள் சும்மா இருந்தோம்!

சந்தையில் அதிசயங்கள் உண்டு, தாய்மார்களே. கண்ணால் பாருங்கள், களியுங்கள். கைநீட்டுமுன் கூலியைக் கேளுங்கள்!

இதோ, முன்வரிசையில், நீலச் செருப்போடு அமர்ந்திருக்கிறாரே, அவர்தான் என் மாமியார். இன்று அவர் ஒரு படிகூட இறங்கவில்லை. வாசலைத் தாண்டினார், தெருவில் நடந்தார், வந்துவிட்டார்.

பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கு நன்றி. அடுப்பு அணைந்துதான் இருக்கும், நிம்மதியாய்ப் போய்வாருங்கள். வணக்கம்.