யாரோ பிரித்த பெட்டி

பார்சலைப் பல்லால் கடித்துப் பிரிக்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. ஒரு சின்னக் கத்தியை எடுத்து டேப்பின் நடுவில் ஒரு கோடு இழுத்தால் போதும், பெட்டி தானாகத் திறந்துகொள்ளும். பொருளுக்கும் மரியாதை, அதை மடித்து வைத்தவனுக்கும் மரியாதை. நீங்கள் எனக்குக் காபி கொண்டுவந்தபோது சர்க்கரைப் பொட்டலத்தின் ஓரத்தை மட்டும் கிழித்துக் கொட்டினீர்கள். அதைப் பார்த்த பிறகுதான் உங்களிடம் பேசலாம் என்று தோன்றியது. முன்னால் வந்த அதிகாரி கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார், ஆனால் எல்லாம் கரடியைப் பற்றித்தான். கரடி கடைசியில்தான் வருகிறது. முதலில் வந்தது பெட்டி.

எங்கள் கோடியாக் தீவுக்கு ஒரு பொருளை வரவழைப்பது என்ன பாடு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இணையக் கடைக்காரர்களில் பாதிப் பேர் அலாஸ்கா என்று பார்த்ததும் கையை விரித்துவிடுவார்கள். மீதிப் பேர் அனுப்புவார்கள். அது சியாட்டிலில் கொஞ்ச நாள், ஆங்கரேஜில் கொஞ்ச நாள் என்று உட்கார்ந்துவிட்டு, மூடுபனி விலகி விமானம் இறங்க மனம் வைத்தால் வந்து சேரும். நான் துறைமுகத்தில் படகு எஞ்சின் பழுதுபார்க்கிறவன். கண் முன்னைப்போல் இல்லை. என் துப்பாக்கியில் குறிபார்க்க மாட்டியிருந்த பழைய ஸ்கோப் நல்லதுதான், ஆனால் மங்கல் வெளிச்சத்தில் மானும் புதரும் ஒன்றாகத் தெரிய ஆரம்பித்திருந்தன. அதனால் வெளிச்சமாகக் காட்டும் ஒரு புது ஸ்கோப் வாங்கினேன். புதியது என்றுதான் போட்டிருந்தார்கள். அந்தச் சொல்லை மறந்துவிடாதீர்கள்.

வந்த பெட்டியின் முத்திரையை யாரோ அறுத்து, அதற்கு மேல் வேறு டேப் ஒட்டியிருந்தார்கள். உள்ளே கண்ணாடி துடைக்கும் துணி கசங்கிக் கிடந்தது. முன்கண்ணாடியில் ஒரு கட்டைவிரல் ரேகை, பூசிவிட்ட மாதிரி. ஸ்கோப்பின் குழாயைச் சுற்றி இரண்டு இடத்தில் கறுப்புப் பூச்சு தேய்ந்திருந்தது. துப்பாக்கியில் வளையம் போட்டு இறுக்கினால்தான் அப்படித் தேயும். எவனோ வாங்கி, மாட்டி, சுட்டுப் பார்த்து, பிடிக்காமல் திருப்பி அனுப்பியிருக்கிறான். கடைக்காரன் அதற்கு டேப் ஒட்டி எனக்கு அனுப்பிவிட்டான். இளிச்சவாயன் தீவில் இருக்கிறான், அங்கிருந்து திருப்பி அனுப்ப மாட்டான் என்று எவனோ கணக்குப் போட்டிருக்கிறான்.

சரி, பொருளாவது ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க மாட்டினேன். மாட்டியது உண்மை. அதை நான் யாரிடமும் மறைத்ததில்லை. நாங்கள் சுட்டுப் பழகும் சரளைக்கல் குழிக்குப் போய்ச் சுட்டேன். ஸ்கோப்புக்குள் தெரியும் குறுக்குக்கோடு எங்கே நின்றதோ அங்கேயே தோட்டாவும் போனது. கொஞ்சம் மனம் ஆறியது. அடுத்த வாரம் வண்டியில் போட்டு எடுத்துக்கொண்டு போனால், அதே ஸ்கோப், அதே துப்பாக்கி, தோட்டா ஒரு முழம் இடது பக்கம் போகிறது. திருகைத் திருப்பிச் சரிசெய்தேன். ஒழுங்காக நின்றது. மறுபடி ஒரு குலுக்கல் பட்டதும் மறுபடி இடது பக்கம். ஒழுங்காக வேலைக்கு வந்துகொண்டே இருந்துவிட்டு, அறுவடை நாளில் மட்டும் காணாமல் போகிற ஆள் மாதிரி. முழுக்கக் கெட்டிருந்தால்கூட மன்னித்திருப்பேன்.

கடைக்குத் திருப்பி அனுப்பினேன். அவர்களிடமிருந்து ஒரு பெண் தொலைபேசியில் பேசினாள். பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்தவள் போல ஹார்லன், ஹார்லன் என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். குழாயில் மாட்டிய தடம் இருக்கிறதாம், அதனால் அது நான் பயன்படுத்திய பொருளாம், எடுத்துக்கொள்ள மாட்டார்களாம். தடம் எனக்கு முன்பே இருந்தது என்றேன். புரிகிறது என்றாள். பெட்டியே பிரித்துத்தான் வந்தது என்றேன். அதுவும் புரிகிறது என்றாள். நான் பொய் சொல்கிறேன் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம்.

இப்போது எவான் லுகினைப் பற்றிச் சொல்கிறேன். எவான் என் நண்பன். மீன் பதப்படுத்தும் ஆலையில் மேற்பார்வையாளன். இருபது வயதிலிருந்து நாங்கள் சேர்ந்துதான் வேட்டைக்குப் போகிறோம். அந்த வருடம் கரடி வேட்டைக்கான அரசாங்கக் குலுக்கலில் அவன் பெயர் வந்திருந்தது. நல்ல மனிதன். ஊரில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள், நானும் மறுக்கவில்லை. ஒரே குறை, எதையும் சிரிப்பாக்கிவிடுவான். துறைமுகக் காபிக்கடையில் என் கதையைச் சொன்னபோது, அவன் பாதியிலேயே ஆரம்பித்துவிட்டான்.

“ஏண்டா ஹார்லன், துப்பாக்கில ஸ்கோப்ப மாட்டுவியா, பெட்டிய மாட்டுவியா? பெட்டி கிழிஞ்சா உனக்கென்னடா?”

பெட்டி மட்டும் இல்லை, குறியும் நிற்கவில்லை என்று சொன்னேன். அப்போதுதான் அதைக் கேட்டான்.

“உண்மையச் சொல்லு. நீயே எங்கயோ கீழ போட்டுட்டு, பாவம் அந்தக் கடைக்காரன் தலைல கட்டப் பாக்குறியா?”

கடையே சிரித்தது. தொலைபேசியில் பேசிய பெண்ணை விடுங்கள், அவளுக்கு என்னைத் தெரியாது. எவானுக்கு என்னைத் தெரியும். நான் யார் தலையிலும் எதையும் கட்டியதில்லை. அதற்குப் பிறகு என்னைப் பார்க்கும்போதெல்லாம், இன்னைக்கு எந்தப் பெட்டிடா கிழிஞ்சுது என்று கேட்பான். கூட இருப்பவர்களும் கேட்க ஆரம்பித்தார்கள். சிரிக்காமல் நின்றால் பார்த்தியா கோபத்தை என்பார்கள். சிரித்தால் ஒத்துக்கொண்டது மாதிரி ஆகும். நான் காபி குடிக்கிற இடத்தை மாற்றிக்கொண்டேன்.

ஸ்கோப் ஒருநாள் என்னிடமே திரும்பி வந்தது. இந்தத் தடவை பெட்டியின் மூலை வேறு நசுங்கியிருந்தது. அதை மேசைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். உலகத்தில் எல்லாரும் செய்வதை நான் மட்டும் ஏன் செய்யாமல் இருக்கிறேன் என்று தோன்றியது. அட்டையை ஈரப்படுத்தி, பலகைக்கு அடியில் வைத்து மூலையை நிமிர்த்தினேன். கண்ணாடியைத் துடைத்தேன். துணியைப் பழைய மடிப்பிலேயே மடித்தேன். குழாயில் தேய்ந்த இடத்தில் எஞ்சினுக்கு அடிக்கும் கறுப்புப் பூச்சை மெல்லிய தூரிகையால் தொட்டு வைத்தேன். முத்திரையை ஒட்டினேன். மேலே பிளாஸ்டிக் உறை சுற்றி, முடி உலர்த்தும் கருவியால் சூடு காட்டினேன். உறை கண்ணாடி மாதிரி இறுகிப் பிடித்துக்கொண்டது. நீங்கள் அந்தக் கறுப்புப் பூச்சைக் கண்டுபிடித்தீர்கள், உங்களைப் பாராட்டுகிறேன். கடைக்காரன் கண்டுபிடித்திருக்க மாட்டான்.

அதை எவானுக்குப் பிறந்தநாள் பரிசாகக் கொடுத்தேன். வேறு கடையில் வாங்கினேன் என்று சொன்னேன். அவன் பல்லால் கடித்துத்தான் பிரித்தான்.

“பாத்தியா, எனக்குன்னா எப்படி வருதுன்னு. ஒரு கீறல் இருக்கா பாரு. உனக்குக் கைராசி சரியில்லடா, அவ்வளவுதான்.”

அவன் மனைவி வெர்னா என்னைக் கட்டிக்கொண்டு கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். இவ்வளவு பெரிய மனசா உங்களுக்கு என்றாள். எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது.

ஏன் அப்போதாவது சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? இன்னொரு சிரிப்பு. அவனே சுட வேண்டும், அவன் கண்ணாலேயே தோட்டா விலகுவதைப் பார்க்க வேண்டும், ஹார்லன் சொன்னது சரிதான் என்று அவன் வாயால் சொல்ல வேண்டும். அதற்கு மேல் நான் எதற்கும் ஆசைப்படவில்லை. சரளைக்கல் குழியில் அது நடக்கும் என்று நினைத்து அவனோடு போனேன். அந்தப் பாழாய்ப்போன ஸ்கோப் அன்றைக்கு என்று பார்த்து ஒழுங்காக இருந்தது. தோட்டாக்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன. எவான் என் தோளில் தட்டினான். எனக்கு வந்த ஆத்திரத்தை உங்களுக்கு எப்படிச் சொல்வது? என்னைப் பொய்யனாக்குவதற்கென்றே ஒரு பொருள் செய்து அனுப்பியிருந்தார்கள்.

அக்டோபர் கடைசியில் மிதவை விமானத்தில் தெற்குக் குடாவுக்குப் போனோம். விமானி துப்பாக்கிப் பெட்டிகளைக் கரையில் தூக்கிப் போட்டான். தொம்மென்று விழுந்தன. எவானுடைய பெட்டி எந்தப் பக்கமாக விழுந்தது என்று நான் பார்த்துக்கொண்டேன். கூடாரம் போட்டதும் எவான் ஒரு அட்டைப்பெட்டியைக் கல்மேல் சாய்த்து வைத்தான். பயணத்துக்குப் பிறகு ஒரு தோட்டா சுட்டுக் குறி பார்ப்பது எங்கள் எல்லாருக்கும் பழக்கம். சின்னப் பிள்ளைகூடச் செய்யும்.

“இங்க வெடிச்சா இந்தக் குடாவுல ஒரு கரடி நிக்குமாடா? அப்புறம் மலை மலையா நடந்து சாகணும்,” என்றேன்.

“நீ சொன்னா சரி,” என்று அட்டையை எடுத்துவிட்டான். அத்தனை வருடத்தில் மறுபேச்சு இல்லாமல் என் பேச்சைக் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

கரடி எங்களுக்குக் கிடைத்தது ஒரு ஓடைக்கு அந்தப் பக்கம், இலை உதிர்ந்த ஆல்டர் புதர்களுக்கு முன்னால். பெரிய ஆண் கரடி, மீன் தின்று கொழுத்தது. எவான் படுத்துக்கொண்டு நிதானமாகச் சுட்டான். நான் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தேன். தோள்பட்டையில் பட வேண்டிய தோட்டா நன்றாகத் தள்ளி வயிற்றுப் பக்கம் பட்டது. கரடி உறுமிக்கொண்டு புதருக்குள் போய்விட்டது. எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். நீங்கள் முகம் சுளிக்க வேண்டாம், உண்மையைக் கேட்டீர்கள், சொல்கிறேன். அவன் என்னைத் திரும்பிப் பார்க்கும் வரை காத்திருந்தேன்.

“ச்சே, நான்தான்டா இழுத்துட்டேன். கை நடுங்கிருச்சு. ஸ்கோப் நல்ல ஸ்கோப்பு,” என்றான்.

அப்போதும் அவன் அதை ஒத்துக்கொள்ளவில்லை. தன் கையைக் குற்றம் சொல்லத் தயாராக இருந்தான், ஆனால் அந்த ஸ்கோப்பைச் சொல்ல மாட்டான். அது என்னிடமிருந்து வந்த பரிசு, அதனால்தான் விட்டுக்கொடுக்காமல் பேசினான் என்று முன்னால் வந்த அதிகாரி சொன்னார். அவருக்கு எவானைத் தெரியாது.

காயம்பட்ட கரடியை விட்டுவிட்டுப் போகிற பழக்கம் எங்களிடம் இல்லை. சுட்டவன்தான் தேடிப் போக வேண்டும். அது வலியில் கிடந்து அழுகிச் சாகக் கூடாது, வேறு யார் மேலும் பாயக் கூடாது. சில பேர் மழை, இருட்டு என்று சாக்குச் சொல்வார்கள். எவான் சொல்ல மாட்டான். அவன் கட்டாயம் போவான் என்று எனக்குத் தெரியும். ஸ்கோப் கொடுத்த அன்றைக்கே தெரியும். இதை நான் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

“நீ மேட்டு மேல நில்லு. அது வெளிய வந்தா நீ போட்டுரு. உன் பழைய ஸ்கோப் போதும்,” என்று சொல்லிவிட்டு ஓடைக்குள் இறங்கினான். என் துப்பாக்கியைக் கொடுத்து, அவன் துப்பாக்கியை நான் வாங்கிக்கொண்டிருக்கலாம். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

அவன் தண்ணீரைத் தாண்டுவதற்குள் கரடி புதரை விட்டு வெளியே வந்தது. நேராக அவனை நோக்கி, சரளைக்கல் மேல், மறைவே இல்லாத இடத்தில். ஆல்டர் கிளைகள் மறைத்ததால் சுட முடியவில்லை என்று நான் முதலில் எழுதிக் கொடுத்தது பொய். கிளை எதுவும் இல்லை. என் துப்பாக்கி தோளில் இருந்தது. சுடாமல் தடுக்கும் விசைப்பூட்டை எடுத்துவிட்டிருந்தேன். பழைய ஸ்கோப்பில் கரடியின் மார்பு நிறைந்து தெரிந்தது. எவான் சுட்டான். தோட்டா கரடிக்கு இடது பக்கம் தண்ணீரைத் தெறிக்கவைத்தது. மறுபடி சுட்டான். மறுபடி இடது பக்கம். நான் கரடியை விட்டுவிட்டுத் தண்ணீரைப் பார்க்க ஆரம்பித்தேன். எவான் என் பெயரைச் சொல்லிக் கத்தினான். கேட்டது. ஆனால் மூன்றாவதும் இடது பக்கம்தானா என்று பார்க்க வேண்டியிருந்தது. இரண்டு தடவை என்றால் கை நடுங்கியது என்று சொல்லிவிடுவான்.

மூன்றாவதும் இடது பக்கம்தான்.

அதற்குள் கரடி அவன்மேல் பாய்ந்துவிட்டது. அதற்குப் பிறகு நான் சுட்டேன். ஒரே தோட்டா. கரடி அவன்மேல் இருந்தபடியே சாய்ந்தது. அவனைக் காப்பாற்ற என்னால் முடியாமல் போயிற்று என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். முடிந்தது. முதல் தோட்டாவிலேயே முடிந்திருக்கும். நான் சுடாததால்தான் அவன் செத்தான்.

நான் கரடியைப் புரட்டித் தள்ளியபோது அவனுக்கு உயிர் இருந்தது. ஏன்டா சுடல என்று கேட்டான். நியாயமான கேள்வி. நான் பக்கத்தில் மண்டியிட்டு, முத்திரை அறுந்திருந்தது, கட்டைவிரல் ரேகை, அந்தப் பெண் பேசியது, காபிக்கடையில் அவன் சொன்னது, தோட்டா மூன்று தடவையும் எந்தப் பக்கம் போனது என்பது வரை ஒன்று விடாமல் பொறுமையாகச் சொன்னேன். எவான் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. நான் சொன்னதை அவன் சிரிக்காமல் கடைசிவரை கேட்டது அன்றைக்குத்தான்.